நீதிபதி நாற்காலிகளும் ஆட்சியாளர் கணக்கும்

(மூன்றாம் ஆண்டு மின்னியல் துறை மாணவி, படவேடு)



நம் மலரில் ஆண்டுதோறும் இன்வெர்ட்டர் இயங்கும் விதம், சூரிய ஆற்றல், மின் சிக்கனம் என்று கட்டுரைகள் வரும். நானும் டிரான்ஸ்ஃபார்மர் பற்றித்தான் எழுதுவேன் என்று துறையில் நினைத்திருப்பார்கள். டிரான்ஸ்ஃபார்மர் நம் பாடப்புத்தகத்திலேயே நன்றாக இருக்கிறது. எந்த செமஸ்டரிலும் வராத, ஆனால் நாம் உட்கார்ந்திருக்கும் பெஞ்சையே தொடுகிற ஒரு விஷயத்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன். டெல்லியில் உள்ள உச்ச நீதிமன்றத்தில் எத்தனை நீதிபதிகள் இருக்க வேண்டும்? அதை யார் முடிவு செய்வது? "இன்னும் பத்துப் பேரைச் சேர்ப்போம்" என்று ஒரு நாட்டின் ஆட்சியாளர் சொன்னால், அது வேலைச் சுமைக்காகவா, வேறு ஏதாவது கணக்குக்காகவா?

"இதெல்லாம் வக்கீலுக்குப் படிக்கிறவங்க சமாச்சாரம், நமக்கென்னடி?" என்று ஹாஸ்டல் தோழி ஒருத்தி கேட்டாள். அவளுக்கான பதில் கட்டுரையின் நடுவில் வருகிறது. பொறுமையாகப் படிக்கட்டும்.

முதலில் எண்ணிக்கை. 1950-ல் நம் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது உச்ச நீதிமன்றத்துக்குத் தலைமை நீதிபதியையும் சேர்த்து 8 பேர்தான். 1956-ல் 11 ஆனது. 1960-ல் 14. 1977-ல் 18. 1986-ல் 26. 2008-ல் கொண்டுவந்த திருத்தம் 2009-ல் சட்டமாகி 31. 2019-ல் 34. எழுபது ஆண்டுக்குள் நான்கு மடங்குக்கு மேல். வழக்குகள் அதைவிட வேகமாகப் பெருகின. 2024-ல் உச்ச நீதிமன்றத்தில் மட்டும் நிலுவை வழக்குகள் 80 ஆயிரத்தைத் தாண்டின. ஆகவே ஆள் சேர்ப்பது என்றாலே சூழ்ச்சி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். லோடு ஏறினால் கேபிள் சைஸை ஏற்றத்தான் வேண்டும்.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அரசியல் சட்டத்தின் 124-வது பிரிவு, தலைமை நீதிபதியும், நாடாளுமன்றம் சட்டம் போட்டுக் கூடுதல் எண்ணிக்கையை வகுக்கும் வரை ஏழு நீதிபதிகளுக்கு மிகாமலும் இருப்பார்கள் என்கிறது. எண்ணிக்கையை ஏற்ற அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை. இரு அவைகளிலும் சாதாரணப் பெரும்பான்மை, குடியரசுத் தலைவர் கையெழுத்து, அவ்வளவுதான். அதே பிரிவின்படி ஒரே ஒரு நீதிபதியை நீக்குவதற்கோ, ஒவ்வோர் அவையிலும் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். அதுவும் தவறான நடத்தையோ இயலாமையோ நிரூபணமாக வேண்டும். பிடிக்காத ஒருவரை வெளியே அனுப்புவது மலையேறுவது மாதிரி. பிடித்த பத்துப் பேரை உள்ளே கொண்டுவர நாற்காலி போடுவது சமதளத்தில் நடப்பது மாதிரி. உலகம் முழுக்க ஆட்சியாளர்களுக்கு இந்த ஆசை ஏன் வருகிறது என்பதற்கு இதுவே முதல் காரணம்.

ஊர்க் கணக்கில் சொன்னால் இன்னும் சுலபமாகப் புரியும். ஏரித் தண்ணீர் முறை வைக்க ஐந்து பெரியவர்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மேட்டுக் கழனிக்காரருக்கு எதிராக மூன்றுக்கு இரண்டு என்று முடிவாகிறது. அவர் அந்த மூவரோடு சண்டைக்குப் போகவில்லை. "ஐந்து பேரால் வேலை ஓடவில்லை, பாவம், வயசாகிவிட்டது, இன்னும் நான்கு பேரைச் சேர்ப்போம்" என்கிறார். சேர்க்கிற நான்கு பேரையும் அவரே காட்டுகிறார். அடுத்த கூட்டத்தில் ஆறுக்கு மூன்று. பழைய மூவரும் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், யாரும் அவர்களைத் தொடவில்லை. ஆனால் தண்ணீர் மேட்டுக்குப் போய்விட்டது.

இது கற்பனை. இதை நிஜமாகவே செய்து பார்க்கத் துணிந்தவர் அமெரிக்க ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் கோடிக்கணக்கானோர் வேலையிழந்து நின்ற நேரம். அவர் கொண்டுவந்த சீர்திருத்தச் சட்டங்களை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளுபடி செய்தது. தொழில் மீட்புச் சட்டம் 1935-ல் போனது. (அந்த வழக்கு புரூக்ளினில் கோழி வியாபாரம் செய்த சகோதரர்களால் வந்தது. ஒரு நாட்டின் பொருளாதாரத் திட்டமே கோழிக்கடை வழக்கில் விழுந்தது!) விவசாயச் சட்டம் 1936 ஜனவரியில் போனது. அந்த ஆண்டு நவம்பர் தேர்தலில் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். அந்தத் தெம்பில் 1937 பிப்ரவரி 5-ல் ஒரு திட்டத்தை வைத்தார். எழுபது வயதைக் கடந்தும் ஓய்வு பெறாத ஒவ்வொரு நீதிபதிக்கும் ஒரு புதிய நீதிபதி, அதிகபட்சம் ஆறு பேர். ஒன்பது பேர் கொண்ட நீதிமன்றம் பதினைந்தாகும்.

அவர் சொன்ன காரணம்தான் நமக்குப் பாடம். "எனக்கு எதிராகத் தீர்ப்பளிக்கிறார்கள்" என்று அவர் முதலில் சொல்லவில்லை. வேலைச் சுமை அதிகம், வயதானவர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை என்றார். உடனே தலைமை நீதிபதி ஹியூஸ், நீதிமன்றத்தில் வேலை தேங்கவில்லை, எல்லாம் உரிய நேரத்தில் நடக்கிறது என்று செனட்டர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். அந்த ஒரு கடிதத்தில் சாயம் வெளுத்தது. ரூஸ்வெல்ட்டின் சொந்தக் கட்சியே பெரும்பான்மையாக இருந்த செனட், 1937 ஜூலை 22-ல் 70-க்கு 20 என்ற வாக்கில் மசோதாவைக் கமிட்டிக்கே திருப்பி அனுப்பிப் புதைத்தது.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. திட்டம் பேச்சில் இருந்தபோதே, 1937 மார்ச் 29-ல், பெண் தொழிலாளர்களுக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஒன்றை அதே நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று ஏற்றுக்கொண்டது. அந்த முடிவு மிரட்டலுக்கு முன்பே உள்ளுக்குள் எடுக்கப்பட்டுவிட்டது என்று வரலாற்று ஆசிரியர்கள் காட்டுகிறார்கள். வெளியே பார்த்தவர்களுக்கோ பயந்து மாறியதாகத்தான் தெரிந்தது. பிறகு மூத்தவர்கள் ஒவ்வொருவராக விலக, 1945-ல் இறப்பதற்குள் ரூஸ்வெல்ட் எட்டுப் புதிய நீதிபதிகளை நியமித்துவிட்டார். நாற்காலி கூட்டாமலே காரியம் முடிந்தது. அமெரிக்கர்கள் இதை அதற்கு முன்பும் குறைத்தும் கூட்டியும் ஆடியிருக்கிறார்கள். 1866-ல் ஆண்ட்ரூ ஜான்சன் என்ற ஜனாதிபதி யாரையும் நியமிக்கக் கூடாது என்பதற்காகவே பத்தை ஏழாகக் குறைக்கச் சட்டம் போட்டார்கள். அவர் போனதும் 1869-ல் ஒன்பதாக்கினார்கள்.

இனி நம் நாடு. இங்கே 1967 முதல் 1977 வரை ஆட்சிக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் நடந்த இழுபறி, ரூஸ்வெல்ட் கதையைவிடச் சூடானது. 1967-ல் கோலக்நாத் வழக்கில் 11 நீதிபதிகள் உட்கார்ந்து, ஆறுக்கு ஐந்து என்று, அடிப்படை உரிமைகளை நாடாளுமன்றம் பறிக்க முடியாது என்றார்கள். 1970 பிப்ரவரியில் வங்கி தேசியமயச் சட்டம் தள்ளுபடி. அதே ஆண்டு டிசம்பரில் மன்னர் மானிய ஒழிப்பும் தள்ளுபடி. இந்திரா காந்தி 1971 தேர்தலில் பெரும் பலத்தோடு வந்து அரசியல் சட்டத்தையே திருத்தினார். அந்தத் திருத்தங்கள் செல்லுமா என்ற கேள்வி கேசவானந்த பாரதி வழக்கில் வந்தது. அவர் கேரளத்தின் காசர்கோடு பக்கம் எடநீர் மடத்தின் தலைவர். விவகாரம் நிலச் சீர்திருத்தம். 11 பேர் தந்த கோலக்நாத் தீர்ப்பை மறுபரிசீலிக்க வேண்டுமே, ஆகவே 13 பேர் உட்கார்ந்தார்கள். அப்போதைய மொத்த அனுமதியே 14 தான். 68 நாள் விசாரணை. 1973 ஏப்ரல் 24-ல் ஏழுக்கு ஆறு என்று தீர்ப்பு: நாடாளுமன்றம் எதையும் திருத்தலாம், ஆனால் அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பை மட்டும் குலைக்க முடியாது.

ஒரே ஒரு ஓட்டு. இந்த இடத்தில் ரூஸ்வெல்ட்டாக இருந்தால் என்ன செய்திருப்பார்? ஆறு நாற்காலி கேட்டிருப்பார். இந்திரா காந்தி அரசு கேட்கவில்லை. ஏன் என்று நான் வெகு நாள் யோசித்தேன். எனக்குப் பட்ட பதில் இது. அமெரிக்காவில் நீதிபதி பதவி ஆயுள் முழுக்க. அவராக விலகினாலோ இறந்தாலோதான் இடம் காலி. இங்கே 65 வயதில் ஓய்வு. நாற்காலி தானாகவே காலியாகிக்கொண்டே இருக்கும். நியமிக்கும் கை அன்றைக்கு அரசிடம் இருந்தது. நாற்காலியைக் கூட்டி ஊரார் வாயில் விழுவானேன்? காலியாகும்போது நிரப்பினால் போதும். அதைவிடச் சுருக்கு வழி, தலையை மாற்றுவது.

அதைத்தான் செய்தார்கள். தீர்ப்பு வந்த மறுநாளே அறிவிப்பு. தலைமை நீதிபதி சிக்ரி ஓய்வு பெற்றதும் மூத்தவர்களான ஷெலத், ஹெக்டே, குரோவர் மூவரையும் தாண்டி, ஏ.என். ரே தலைமை நீதிபதி. தாண்டப்பட்ட மூவரும் ஏழு பேர் பக்கம் இருந்தவர்கள். ரே ஆறு பேர் பக்கம். மூவரும் ராஜினாமா செய்தார்கள். நாடாளுமன்றத்தில் இதற்கு முன்னின்று வாதாடியவர் சட்ட மந்திரி மட்டுமல்ல, உருக்கு, சுரங்கத் துறை அமைச்சர் மோகன் குமாரமங்கலமும்தான். நம் தமிழ்நாட்டுக்காரர், திருச்செங்கோடு பக்கத்துக் குமாரமங்கலம் குடும்பம், சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த டாக்டர் சுப்பராயனின் மகன். அவர் ஒளித்துப் பேசவில்லை. ஒரு நீதிபதியின் சமூகப் பார்வை என்ன என்பதையும் பார்த்துத்தான் தலைமை நீதிபதியை அரசு தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே வாதிட்டார். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். அந்த வாதத்தை ஏற்க முடியவில்லை. ஏனென்றால் அதன் விளைவு மூன்றே ஆண்டில் தெரிந்தது.

நெருக்கடி நிலையின்போது, 1976 ஏப்ரல் 28-ல், காரணமின்றிச் சிறையில் அடைக்கப்பட்டவர் கோர்ட்டுக்கு வர முடியுமா என்ற கேள்விக்கு ஐந்து நீதிபதிகளில் நால்வர் முடியாது என்றார்கள். முடியும் என்று தனியாக நின்றவர் எச்.ஆர். கன்னா. 1977 ஜனவரியில் அவரையும் தாண்டி எம்.எச். பெக் தலைமை நீதிபதி ஆனார். கன்னா ராஜினாமா செய்தார்.

எங்கள் பக்கம் பம்புசெட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஃபியூஸ் அடிக்கடி போனால் ஏன் போகிறது என்று பார்க்க மாட்டார்கள். கேரியரில் தடிமனாக ஒரு செப்புக் கம்பியை முறுக்கிப் போடுவார்கள். ஃபியூஸ் அதன் பிறகு போகவே போகாது. மோட்டார் காயில்தான் எரியும். 1973-ல் தடிமன் கம்பி போட்டார்கள். 1976-ல் காயில் எரிந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இப்போது ஹாஸ்டல் தோழிக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான் ஒருத்திதான். அப்பா படவேட்டில் வாழைத்தோட்டங்களில் தார் வெட்டி லாரி ஏற்றும் வேலைக்குப் போகிறார். எனக்கு இந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தது மார்க்கினாலும், 69 சதவீத இடஒதுக்கீட்டினாலும். இங்கே படிக்கிற நம்மில் பெரும்பாலோர் கதை இதுதான். 1992 நவம்பர் 16-ல் மண்டல் வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, இடஒதுக்கீடு பொதுவாக 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது. நம் மாநிலம் 69-ஐக் காக்கத் தனிச் சட்டம் போட்டு, 1994-ல் 76-வது திருத்தம் மூலம் அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்தது. அந்த அட்டவணைக்குள் போய்விட்டால் கோர்ட் தொடாது என்பது பழைய நம்பிக்கை. 2007 ஜனவரி 11-ல், கூடலூர் ஜென்ம நிலம் சம்பந்தமான கோயெல்லோ வழக்கில் ஒன்பது நீதிபதிகள் சொன்னார்கள்: 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு அட்டவணையில் சேர்த்த எந்தச் சட்டத்தையும், அடிப்படைக் கட்டமைப்பைக் குலைக்கிறதா என்று நாங்கள் பரிசோதிக்கலாம்.

அந்தத் தேதியைத் திரும்பப் பாருங்கள். கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்த நாள். ஒரே ஒரு ஓட்டில் பிறந்த கோடு, 1994-ல் அட்டவணை ஏறிய நம் 69 சதவீதத்தைத் தனக்கு இந்தப் பக்கம், பரிசோதனைப் பக்கம் வைத்திருக்கிறது. அந்த அமர்வில் யார் யார் உட்காருவார்கள் என்பதில்தான் நம் தங்கை, தம்பிகளின் சீட் இருக்கிறது. "நமக்கென்னடி?" என்றவளுக்கு இதுதான் பதில்.

இதைச் சொன்னதும் அவள் விடவில்லை. சரியான கேள்விதான் கேட்டாள்: "அப்படின்னா நம்ம பக்கம் நிக்கிற அரசு வந்தா, இன்னும் பத்து நீதிபதியைச் சேர்த்து 69-ஐக் காப்பாத்திட வேண்டியதுதானே? நல்லதுக்குத்தானே?"

இதற்கு எனக்குச் சுலபமாகப் பதில் வரவில்லை. ஏனென்றால் ரூஸ்வெல்ட்டின் காரியமும் நல்லதுதான். கூலிக்காரருக்குக் கூலி, முதியவருக்குப் பென்ஷன். இந்திரா காந்தி அரசு காக்க நினைத்த நிலச் சீர்திருத்தமும் நல்லதுதான். என் தாத்தா கடைசி வரை அடுத்தவர் நிலத்தில்தான் உழுதார். கோர்ட் செய்வதெல்லாம் ஏழைக்கு நியாயம் என்று நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டேன். 2019 பிப்ரவரி 13-ல், வன உரிமைச் சட்டத்தின்கீழ் மனு தள்ளுபடியானவர்களைக் காட்டிலிருந்து வெளியேற்றச் சொல்லி உச்ச நீதிமன்றமே உத்தரவு போட்டது. ஜவ்வாது மலை மேலே எத்தனை பேர் நெஞ்சில் நெருப்பு விழுந்திருக்கும்! பிப்ரவரி 28-ல் அதே நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது.

ஆனாலும் என் பதில் "வேண்டாம்" என்பதுதான். பத்துப் பேரைச் சேர்த்து நாம் காப்பாற்றுவதை, அடுத்து வருகிறவர் இருபது பேரைச் சேர்த்து அழிப்பார். அர்ஜென்டினாவில் 1990-ல் மெனெம் என்ற ஜனாதிபதி ஐந்தை ஒன்பதாக்கினார். அந்த நீதிமன்றத்துக்கு ஊரார் வைத்த பெயரே "தானியங்கிப் பெரும்பான்மை". 2006-ல் வேறொரு சட்டம் போட்டுத் திரும்ப ஐந்தாக்க முடிவெடுத்தார்கள். இப்படி ஏறி இறங்கும் கோர்ட்டில் வாங்குகிற தீர்ப்பு எத்தனை நாள் நிற்கும்? ஏழைக்குத்தான் நாள்பட நிற்கிற தீர்ப்பு வேண்டும். பணக்காரருக்கு அடுத்த ஆட்சியிலும் ஆள் இருக்கும்.

பக்கத்து நாடுகளையும் பாருங்கள். இலங்கையில் 2018 நவம்பரில் ஜனாதிபதி சிறிசேன நாடாளுமன்றத்தைக் கலைத்தார். டிசம்பர் 13-ல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் ஒருமனதாக அது செல்லாது என்றார்கள். இரண்டே ஆண்டில், 2020 அக்டோபரில், கோத்தபாய ராஜபக்ச ஆட்சியில் வந்த 20-வது திருத்தம், உச்ச நீதிமன்றத்தின் உயர்ந்தபட்ச எண்ணிக்கையை 11-லிருந்து 17 ஆக்கியது. அதே திருத்தம்தான் நியமனத்தை வடிகட்டிய அரசியலமைப்புப் பேரவையை எடுத்துவிட்டு, கருத்து மட்டும் சொல்லக்கூடிய ஒரு நாடாளுமன்றப் பேரவையை வைத்தது. வழக்குத் தேக்கம் அங்கே உண்மையிலேயே உண்டு. அதை மறுக்க முடியாது. ஆனால் ஆறு நாற்காலியும், நியமிக்கும் பேனாவும் ஒரே மசோதாவில், ஒரே ஆளின் கைக்குப் போனால் சந்தேகப்படாமல் என்ன செய்வது? 2022-ல் கோத்தபாய நாட்டைவிட்டுப் போனார். அந்த ஆண்டு அக்டோபரில் 21-வது திருத்தம் பேரவையைத் திரும்பக் கொண்டுவந்தது. பாகிஸ்தானில் 2024 நவம்பரில் 17-ஐ ஒரே தாவலாக 34 ஆக உயர்த்தச் சட்டம் போட்டார்கள். அதற்குச் சில வாரம் முன்புதான், தலைமை நீதிபதியைத் தேர்ந்தெடுப்பதில் நாடாளுமன்றக் கமிட்டிக்குக் கைகொடுத்த 26-வது திருத்தம் நிறைவேறியிருந்தது.

நம் 34-க்கும் பாகிஸ்தானின் 34-க்கும் எண் ஒன்றுதான். வந்த வழி வேறு. இங்கே 2019-ல், தேக்கத்தைக் காட்டி எண்ணிக்கையைக் கூட்டக் கேட்டவர் தலைமை நீதிபதி ரஞ்சன் கோகோய். அவர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். சேர்ந்த இடம் மூன்று. யாரை நியமிப்பது என்பதோ 1993 அக்டோபரில் வந்த தீர்ப்புக்குப் பிறகு மூத்த நீதிபதிகள் குழுவான கொலீஜியத்தின் கையில். 1977-ஐப் பாருங்கள், அது இன்னும் வேடிக்கை. நெருக்கடி நிலை முடிந்து வந்த ஜனதா அரசு எண்ணிக்கையை 18 ஆக்கியது. நியமன அதிகாரம் முழுக்க அரசிடம் இருந்த காலம். நினைத்திருந்தால் தன் ஆட்களை நிரப்பியிருக்கலாம். அமைச்சரவையோ 1979 முடியும் வரை, தலைமை நீதிபதி நீங்கலாக 15 பேருக்கு மேல் வேண்டாம் என்று தானே கட்டுப்பாடு வைத்துக்கொண்டது. தலைமை நீதிபதி கேட்ட பிறகே அது தளர்ந்தது. 1978-ல் நெருக்கடி நிலைத் தீர்ப்பில் பெரும்பான்மைப் பக்கம் இருந்த சந்திரசூட்டைத் தாண்டச் சொல்லிப் பலர் நெருக்கியும், மூத்தவர் என்பதால் அவரையே தலைமை நீதிபதியாக்கியது.

ஆகவே இந்தியாவில் சண்டை எண்ணிக்கையில் இல்லை, பேனாவில்தான். 2014-ல் நாடாளுமன்றம் 99-வது திருத்தத்தை நிறைவேற்றியது. தலைமை நீதிபதி, இரண்டு மூத்த நீதிபதிகள், சட்ட அமைச்சர், இரண்டு பிரபலர் என ஆறு பேர் கொண்ட நியமன ஆணையம். எந்த இருவர் வேண்டாம் என்றாலும் ஒரு பெயர் விழுந்துவிடும். 2015 அக்டோபர் 16-ல் உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்று அதைச் செல்லாது ஆக்கியது. அதன் பிறகும் அரசின் கை முழுக்கக் கட்டப்படவில்லை. 2018 ஜனவரியில் கொலீஜியம் கே.எம். ஜோசப் பெயரை அனுப்பியது. உத்தராகண்டில் 2016-ல் குடியரசுத் தலைவர் ஆட்சியை ரத்து செய்த நீதிபதி அவர். மத்திய அரசு ஏப்ரலில் பெயரைத் திருப்பி அனுப்பியது. சீனியாரிட்டி, கேரளத்துக்கு ஏற்கெனவே இடம் உண்டு என்று காரணம் சொன்னது. மறுபடி அனுப்பி, ஆகஸ்டில்தான் பதவியேற்றார். நாற்காலி சேர்க்காமலே, காலி நாற்காலியைக் காலியாகவே வைத்திருந்தும் அரசியல் செய்யலாம் என்று இதிலிருந்து தெரிகிறது.

கொலீஜியம் மட்டும் சொக்கத் தங்கமா? அப்படியும் சொல்ல மாட்டேன். நீதிபதிகளே நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும்போது, தெரிந்த முகம், தெரிந்த குடும்பம் என்றுதான் கண் போகும். அரசு நியமித்த காலத்திலும் இந்தக் குறை இருந்தது. 1950-ல் ஆரம்பித்த உச்ச நீதிமன்றத்துக்கு முதல் தலித் நீதிபதி வர 1980 ஆனது. அவர் ஏ. வரதராஜன், நம் ஜவ்வாது மலைக்கு அந்தப் பக்கம் ஜோலார்பேட்டையில் பிறந்தவர். முதல் பெண் நீதிபதி பாத்திமா பீவி வந்தது 1989-ல். பின்னாளில் நம் மாநில ஆளுநராக இருந்தாரே, அவர்தான். 8 நாற்காலி இருந்த காலத்தில் கிடைக்காத இடம், நாற்காலி பெருகிய பிறகு கிடைத்தது. எண்ணிக்கை கூடுவதில் எனக்குப் பிடித்த பக்கம் இது. புதிதாக வருகிற இடத்தில் இதுவரை வராதவர்கள் வர வேண்டும் என்று கேட்பதும் அரசியல்தான். ஆனால் அது ஒரு குறிப்பிட்ட வழக்கில் ஜெயிப்பதற்கான அரசியல் இல்லை.

இதோடு சேர்ந்த இன்னொரு கோரிக்கை, சென்னையில் உச்ச நீதிமன்றக் கிளை. என் பெரியப்பாவுக்கு ஒரு வாய்க்கால் வழக்கு உண்டு. கீழ்க்கோர்ட்டுக்கு வாய்தாவுக்குப் போய்வரவே ஒரு நாள் கூலி போய்விடும். சென்னை ஐகோர்ட் என்றால் இரண்டு நாள். டெல்லி என்றால் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். "அங்க போறதுக்கு அந்தக் கழனியையே குடுத்துடலாம்" என்பார். அரசியல் சட்டத்தின் 130-வது பிரிவைப் பாருங்கள். உச்ச நீதிமன்றம் டெல்லியிலும், குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு தலைமை நீதிபதி நிர்ணயிக்கும் வேறு இடங்களிலும் அமரலாம் என்று இருக்கிறது. 1950-ல் ஹைதராபாத்திலும் 1954-ல் ஸ்ரீநகரிலும் அப்படி அமர்ந்தும் இருக்கிறது. 2009-ல் சட்ட ஆணையம் தன் 229-வது அறிக்கையில், அரசியல் சட்டக் கேள்விகளுக்கு டெல்லியில் ஓர் அமர்வு, மேல்முறையீடுகளைக் கேட்க டெல்லி, கொல்கத்தா, மும்பை, சென்னை அல்லது ஹைதராபாத் என நான்கு பக்கமும் அமர்வுகள் என்று பரிந்துரைத்தது.

2010-ல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கூடிப் பேசி, டெல்லிக்கு வெளியே கிளை தேவையில்லை என்று முடிவெடுத்தார்கள். நீதிமன்றத்தின் ஒருமை கெட்டுவிடும் என்பது அந்தத் தரப்பு வாதம். அது சும்மா தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை. சென்னையில் ஒரு சட்டம், மும்பையில் ஒரு சட்டம் என்று ஆகக் கூடாதுதான். ஆனால் டெல்லியிலேயே இரண்டு பேர், மூன்று பேராகப் பிரிந்து தனித்தனி அறைகளில்தானே அன்றாடம் வழக்கு கேட்கிறார்கள்? அறைகளுக்கு நடுவே சுவர் இருந்தால் கெடாத ஒருமை, தண்டவாளம் இருந்தால் மட்டும் எப்படிக் கெடும் என்று எனக்குப் புரியவில்லை. தேசிய மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றைப் பிராந்தியக் கிளைகளோடு அமைக்கக் கோரி நம் பக்கத்து வழக்கறிஞர் ஒருவர் போட்ட மனுவை, 2016 ஜூலையில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பிவைத்தது. அங்கே குறைந்தது ஐந்து நீதிபதிகள் சேர்ந்து உட்கார வேண்டும்.